மூச்சை எண்ணும் தாதியர்: பப்புவா நியூகினி தரும் பாடம்

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொல்லும் தொற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது நியூமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியாகும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 இலட்சத்து 40 ஆயிரம் பிள்ளைகள் இந்நோயால் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை என்று எவரும் கூற முடியாது. பெனிசிலினும் அமொக்சிசிலினும் நெடுங்காலமாக உள்ளவை, விலையும் அதிகமில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் இறப்பது ஏன்? சாதாரண தடிமனுக்கும் நியூமோனியாவுக்கும் உள்ள வேறுபாட்டை உரிய வேளையில் கண்டறிய அருகில் ஒருவரும் இல்லாமை ஒரு முக்கிய காரணம். வைத்தியர் பல மைல்களுக்கு அப்பால் இருக்கிறார். எக்ஸ்றே இயந்திரம் அதற்கும் அப்பால் இருக்கிறது. பிள்ளையின் அருகில் இருப்பவர் ஒரு தாதி மட்டுமே. அந்தத் தாதியை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய்கிறோம்.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பப்புவா நியூகினி நாட்டின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். இன்று பல நாடுகளில் தாதியர் கைக்கொள்ளும் முறைக்கு வேர் அந்நாட்டின் மலைப்பிரதேசத்திலே உள்ளது.

நாடும் அதன் நிலைமையும்

பப்புவா நியூகினி அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே, நியூகினித் தீவின் கிழக்குப் பாதியிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் அமைந்த நாடு. 1975இல் சுதந்திரம் பெற்றது. 800க்கும் அதிகமான மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். பல பள்ளத்தாக்குகளுக்கு வீதியே கிடையாது. கால்நடையாகவோ சிறு விமானத்திலோதான் போகவேண்டும்.

கிராமப்புற சுகாதார சேவையில் ஏறத்தாழ அரைவாசியைத் திருச்சபைகளே நடத்துகின்றன. சுகாதார நிலையங்களில் தாதியரும், அவற்றுக்கும் கீழே கிராமத்து உதவி நிலையங்களில் சமுதாய சுகாதாரப் பணியாளரும் கடமையாற்றுகின்றனர். பல இடங்களில் மக்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் வைத்தியரைக் காண்பது அரிது. மலைநாட்டிலே இரவில் குளிர் கடுமை. வீட்டின் நடுவே தீ மூட்டிக் குடும்பம் முழுவதும் அதைச் சுற்றிப் படுக்கும். புகைபோக்கி இல்லாத வீட்டில் அந்தப் புகையைச் சிசுவும் சுவாசிக்கின்றது. நியூமோனியா அங்கே பிள்ளைகளின் பெரும் எதிரியாக இருந்ததிலும், இன்றும் இருப்பதிலும் வியப்பில்லை.

கோரோக்காவில் எழுந்த கேள்வி

கிழக்கு மலைநாட்டு மாகாணத்தின் தலைநகர் கோரோக்கா. அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் அங்கேதான் உள்ளது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் முற்பகுதியிலும் அங்கு பணியாற்றிய பிள்ளைநோய் மருத்துவர் பிராங்க் ஷான் என்பவரும் அவருடைய சகபாடிகளும் இரண்டு கேள்விகளை எழுப்பினர்.

முதலாவது, இந்தப் பிள்ளைகளின் நுரையீரலைத் தாக்குவது எது? கோரோக்கா வைத்தியசாலையில் கடும் நோயுற்ற பிள்ளைகளின் நுரையீரலிலிருந்து நேரடியாகப் பெற்ற மாதிரிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பக்டீரியாக்கள் காணப்பட்டன. அவற்றுள் முக்கியமானவை நியூமோகொக்கஸும் ஹீமோபிலஸ் இன்ஃபுளுவென்சாவும் ஆகும். இவ்விரண்டும் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. ஆகவே உரிய நேரத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் பல பிள்ளைகள் பிழைப்பர் என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. இருமலோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மருந்து கொடுக்க இயலாது, கொடுக்கவும் கூடாது. பெரும்பாலான இருமல்கள் வைரசுகளால் வருபவை, தாமாகவே மாறுபவை. அப்படியாயின் எந்தப் பிள்ளைக்கு மருந்து வேண்டும்? எந்தப் பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்? எக்ஸ்றேயும் ஆய்வுகூடமும் இல்லாத தாதி இதை எவ்வாறு தீர்மானிப்பாள்?

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதற்கு நீண்ட பயிற்சி தேவை. பயின்றவர்களுக்கிடையிலும் ஒருவர் கேட்ட ஒலியை மற்றவர் கேட்பதில்லை. ஆனால் பிள்ளை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்பதையும் காணலாம். 1984இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டில் ஷான் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்விரு அடையாளங்களையுமே முன்வைத்தது. மூச்சு வேகமானால் மருந்து கொடு. நெஞ்சு உள்ளே குழிந்தால் வைத்தியசாலையில் சேர்.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. நோயுற்ற நுரையீரலில் நீர் கோத்து அது விறைப்படைகின்றது. ஆழமாக மூச்செடுக்க முடியாத பிள்ளை, அதை ஈடுசெய்யக் குறுகிய மூச்சுக்களை விரைவாக எடுக்கின்றது. விறைப்பு மேலும் கூடும்போது, பிள்ளை முழுப் பலத்தோடு இழுத்தும் நுரையீரல் விரிய மறுக்கிறது. அப்போது பிள்ளையின் மென்மையான விலாப்பகுதியே உள்ளே இழுபடுகிறது. தாதி காண்பது இதனையே.

வேலூரிலிருந்து வந்த திருத்தம்

ஒரு நிமிடத்துக்கு 50 மூச்சு என்பதே முதலில் எல்லையாகக் கொள்ளப்பட்டது. வளர்ந்த பிள்ளை இயல்பாகவே சிசுவைவிட மெதுவாக மூச்சுவிடும். ஆகவே எல்லா வயதுக்கும் ஒரே எல்லை பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. தமிழ்நாட்டிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 1988இல் தமது முடிவை வெளியிட்டனர். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 50, அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கு 40 என எல்லையை வகுத்தால் நோயாளரைத் தவறவிடுவது குறையும் என்று அவர்கள் காட்டினர். இவ்வாறான ஆய்வுகளின் பயனாக இன்று தாதியருக்குக் கற்பிக்கப்படும் கணக்கு பின்வருமாறு அமைந்தது:

• 2 மாதத்துக்குக் குறைந்த சிசு: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் 12 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்
• 12 மாதம் முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

எல்லையைத் தாழ்த்தினால் மருந்து தேவையற்ற பல பிள்ளைகளுக்கும் மருந்து போய்ச்சேரும். உயர்த்தினால் உண்மையான நோயாளர் சிலர் தவறுவர். தவறிய பிள்ளைக்கு மறுநாள் இல்லாமற் போகலாம். ஆகையால் சற்றுக் கூடுதலாக மருந்து கொடுப்பதை ஏற்றுக்கொண்டு இந்த எல்லை வகுக்கப்பட்டது. இதைத் தாதிக்கு விளக்கிச் சொன்னால் அவள் அந்த எண்ணிக்கையை மதிப்பாள். சொல்லாவிடில் அது வெறும் கட்டளையாகவே இருக்கும்.

தாதி கற்கவேண்டியவை

ஒரு நிமிடம் எண்ணுவது மிக எளிது என்று எண்ணத் தோன்றும். பயிற்சி நடத்தியவர்கள் அனைவரும் அறிந்த உண்மை வேறு. நாற்பது தாய்மார் வரிசையில் காத்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மிக நீளமானது. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் விரைவில் வந்துவிடும். பிள்ளையின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே அந்தக் குறுக்குவழி தவறான தொகையைத் தரும்.

எனவே பயிற்சியில் பின்வருவனவற்றைத் திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும்.

முதலாவது, பிள்ளை அமைதியாக இருக்கும்போது எண்ணுதல். அழும் பிள்ளையின் மூச்சு எதையும் சொல்லாது. பப்புவா நியூகினியில் தாய்மார் பிள்ளையைப் பிலும் எனப்படும் பின்னற் பையில் சுமந்து வருவர். உறங்கும் பிள்ளையை எழுப்பாமல், துணியை மட்டும் மெல்ல விலக்கி, வயிறும் நெஞ்சும் எழுந்து தாழ்வதைப் பார்த்து எண்ணவேண்டும். மருந்து கொடுப்பதும் வாயைத் திறந்து பார்ப்பதும் அதன் பின்னரே. இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவில் 60க்கு மேல் வந்தால் மீண்டும் ஒருமுறை எண்ண வேண்டும்.

இரண்டாவது, நெஞ்சு உட்குழிதலைச் சரியாக இனங்காணுதல். மூச்சை உள்ளே இழுக்கும் கணத்தில் கீழ் விலா உட்செல்ல வேண்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ மட்டும் தோன்றுவது கணக்கில்லை.

மூன்றாவது, அபாய அடையாளங்கள். பிள்ளையால் குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம், அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கரகரத்த ஒலி, கடும் போசாக்கின்மை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அது கடும் நோயே. முதல் ஊசி மருந்தை உடனே கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

நான்காவது, இழுப்பைப் பிரித்தறிதல். மூச்சை வெளியே விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்டால், சல்பியூட்டமோல் மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்து, 15 அல்லது 20 நிமிடத்தின் பின் மீண்டும் எண்ண வேண்டும். மூச்சு தணிந்தால் அது நியூமோனியா அல்லாதிருக்கலாம். மருந்தை உள்ளிழுக்கும் உபகரணம் இல்லாவிடில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் செய்தது போதும் என்பதைத் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள் 1999இல் ஆய்வு செய்து காட்டினர்.

ஐந்தாவது, தாயோடு பேசுதல். அந்நாட்டின் பொதுமொழியாகிய தொக் பிசினில் இருமலுக்குக் 'குஸ்' என்றும் மூச்சுத் திணறலுக்குச் 'சொட்வின்' என்றும் பெயர். எந்தச் சொல்லைத் தாய் சொன்னாள் என்பதைத் தாதி கவனிக்க வேண்டும். 'குஸ்' என்றவள் 'சொட்வின்' என்று மாற்றிச் சொன்னால் அங்கே நோயின் அரைவாசி வரலாறு இருக்கிறது. மருந்து தேவையற்ற பிள்ளையின் தாயை வெறுங்கையோடு அனுப்புவதும் ஒரு திறமையே. பால் கொடு, உணவை நிறுத்தாதே, மூச்சு வேகமானாலோ குடிக்க மறுத்தாலோ இரவென்றும் பாராமல் உடனே கொண்டு வா என்று சொல்லி, அவள் விளங்கிக்கொண்டாளா என்பதைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கரும்பலகையில் கற்பிக்க முடியாது. 1990களின் நடுப்பகுதியில் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃப் நிறுவனமும் பிள்ளைநோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை முறையை உருவாக்கியபோது, அதற்கு 11 நாட் பயிற்சிநெறியை வகுத்தன. அதில் கணிசமான பகுதி நோயுற்ற பிள்ளைகளின் அருகிலேயே நடைபெறும். பயிற்சி முடிந்து 4 முதல் 6 வாரத்துக்குள் பயிற்றுநர் தாதியின் சொந்த நிலையத்துக்கே சென்று அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

கையில் இருக்கும் நூல்

பப்புவா நியூகினியில் வேறு ஒரு நல்ல வழக்கமும் உண்டு. பிள்ளைகளின் பொதுவான நோய்களுக்குரிய சிகிச்சையைக் கூறும் சிறிய கைநூல் ஒன்று 1970கள் முதல் திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிடப்பட்டு வருகிறது. சட்டைப்பையில் அடங்கும் நூல் அது. அதன் அட்டையில் இது யாருக்குரியது என்று குறிக்கும்போது தாதியரின் பெயர் வைத்தியருக்கு முன்னால் வருகிறது. நோயின் அடையாளமும், பிள்ளையின் நிறைக்கேற்ற மருந்தின் அளவும் அதில் உண்டு. நாடு முழுவதும் ஒரே முறை என்பதால், ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகிச் செல்லும் தாதி மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டியதில்லை.

அறிவு வளர வளர நூலும் மாறியது. நெஞ்சு உட்குழிந்த பிள்ளைகள் அனைவரையும் வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும் என்பது பழைய விதி. அபாய அடையாளம் இல்லாவிடில், வாயால் கொடுக்கும் அமொக்சிசிலினோடு வீட்டிலேயே அவர்களைப் பராமரிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014இல் தன் வழிகாட்டலைத் திருத்தியது. தூரத்து வைத்தியசாலைக்குப் போக முடியாத தாய்க்கு இது பேருதவி. ஆனால் தீர்மானத்தின் பாரம் இன்னும் கூடுதலாகத் தாதியின் தோளில் ஏறியது.

கண்ணுக்குத் தெரியாத குறை

மூச்சை எண்ணும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்த பிள்ளையின் உதடும் நாக்கும் நீலமாகும் என்று தாதியருக்குக் கற்பிக்கிறோம். ஆனால் நீலம் தெரியும் வேளையில் நிலைமை பெரும்பாலும் முற்றிவிடுகிறது. கருமேனியும் சோகையும் மங்கிய விளக்கும் அதை மேலும் மறைக்கும். பல பிள்ளைகளின் ஒட்சிசன் குறைவைக் கண்ணால் காணவே முடிவதில்லை.

விரலில் மாட்டி ஒட்சிசனின் அளவைக் காட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர் என்ற சிறு கருவி இந்தக் குறையை நீக்கியது. ஒட்சிசன் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாரமான உருளைகளை மலைப்பாதையில் கொண்டுவருவது செலவு மிக்கது. அவை நடுவில் தீர்ந்தும் போகும். அறையின் காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்கள் இதற்கு மாற்றாக வந்தன.

பிள்ளைநோய் மருத்துவர் ட்ரெவர் டியூக்கும் பப்புவா நியூகினி மருத்துவர்களும் 5 வைத்தியசாலைகளில் இவ்விரு கருவிகளையும் நிறுவித் தாதியரைப் பயிற்றுவித்தனர். இயந்திரத்தைப் பழுதுபார்ப்போருக்கும் பயிற்சி கொடுத்தனர். 2008இல் வெளியான முடிவு இது: முன்னர் நியூமோனியாவுடன் அனுமதிக்கப்பட்ட 7,161 பிள்ளைகளில் 100க்கு 4.97 பேர் இறந்தனர். பின்னர் அனுமதிக்கப்பட்ட 4,130 பிள்ளைகளில் 100க்கு 3.22 பேர் இறந்தனர். ஆயிரம் பிள்ளைகளுக்கு 17 அல்லது 18 உயிர்கள் மிஞ்சின என்று இதைக் கொள்ளலாம். முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிட்ட ஆய்வு ஆகையால், முழுப் பெருமையும் இயந்திரத்துக்கே என்று கூறுவது பொருந்தாது. பயிற்சியும் கவனிப்பும் சேர்ந்தே பலன் தந்தன. பின்னர் மின்சாரமில்லாத 38 சிறு நிலையங்களுக்குச் சூரிய ஒளியால் இயங்கும் ஒட்சிசன் வசதி எட்டியது. அங்கும் நியூமோனியா மரணங்கள் குறைந்தன. அந்நிலையங்களிலே கருவியை இயக்குபவர் பெரும்பாலும் தாதியும் சமுதாய சுகாதாரப் பணியாளருமே.

பயிற்சி ஏன் வாடுகிறது?

நன்கு பயின்ற தாதியும் ஓராண்டில் பழைய வழக்கத்துக்குத் திரும்புவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அவளது சோம்பலே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது, ஆனால் அநியாயம். மூன்று காரணங்களை நாம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மருந்து. அலுமாரியில் அமொக்சிசிலின் இல்லையென்றால் மூச்சை எண்ணி என்ன பயன்? எண்ணியும் கொடுக்க இயலாத தாதி சில வாரங்களில் எண்ணுவதையே விட்டுவிடுவாள். பப்புவா நியூகினியில் பல கிராமத்து உதவி நிலையங்கள் காலப்போக்கில் மூடப்பட்டன. அங்கே பயின்றவர்களின் அறிவும் கதவோடு சேர்ந்து பூட்டப்பட்டது.

இரண்டு, அதிகாரம். தீர்மானிக்கும் உரிமையைக் கொடாமல் தீர்மானிக்கக் கற்பிப்பது வீண். தாதி கொடுத்த மருந்தை வைத்தியர் பிறர் முன்னிலையில் குறைகூறினால், அடுத்த பிள்ளைக்கு மருந்து கொடுக்க அவள் கை தயங்கும். எழுதப்பட்ட பொதுவிதி அவளுக்குப் பாதுகாப்பு.

மூன்று, தனிமை. தன் வேலையை ஒருவரும் பார்க்காத இடத்தில் எவருடைய தரமும் தாழும். பதிவேடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் மேற்பார்வை போதாது. வருபவர் தாதியோடு அமர்ந்து, ஒரே பிள்ளையின் மூச்சை இருவரும் எண்ணி, தொகைகளை ஒப்பிட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இவை எல்லாவற்றோடும் நோய் வராமல் தடுப்பதும் சேரவேண்டும். ஹீமோபிலஸ் கிருமிக்கான தடுப்பூசி 2008இலும் நியூமோகொக்கஸுக்கான தடுப்பூசி 2014இலும் அந்நாட்டின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனால் வீதியில்லாத பள்ளத்தாக்குக்குத் தடுப்பூசியைக் கொண்டு செல்பவரும் அதே தாதிதான். தாய்ப்பால், போசாக்கு, புகையில்லாத வீடு ஆகியவையும் அவ்வாறே.

முடிவாக

வைத்தியர் இல்லாத குறையை ஈடுசெய்ய வைக்கப்பட்ட அரைவைத்தியராகத் தாதியை நோக்குவது தவறு. பிள்ளையின் அருகில் முதலில் நிற்பவள் அவளே. கோரோக்காவில் பிறந்த முறையின் சிறப்பு, அவளிடம் இருப்பவற்றையே கருவியாக்கியதில் உள்ளது: இரண்டு கண்கள், ஒரு மணிக்கூடு, ஒரு முழு நிமிடப் பொறுமை. அந்த நிமிடத்தை அவளுக்குக் கொடுப்பதும், அதன் முடிவில் எடுக்கும் தீர்மானத்துக்கு மருந்தையும் மதிப்பையும் கொடுப்பதும் ஏனைய அனைவரதும் கடமையாகும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊர்களில் தாய்மார் 'தடிமன்', 'சளி', 'முட்டு', 'இழுப்பு' என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு சொல்லாலும் எதைக் குறிக்கிறார்கள்? குழுவிலுள்ள தாய்மாரிடம் கேட்டறியுங்கள்.

2. உறங்கும் பிள்ளை ஒன்றின் மூச்சை இருவர் தனித்தனியே ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொகைகள் ஒத்துள்ளனவா? பின்னர் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

3. இரவில் பிள்ளைக்கு மூச்சு வேகமானால் உங்கள் கிராமத்திலிருந்து எங்கே செல்வீர்கள்? எவ்வளவு நேரம் எடுக்கும்? வாகனம் யாரிடம் உண்டு? இதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

4. உங்கள் பகுதித் தாதியோ மருத்துவிச்சியோ தன் வேலையைச் சரிவரச் செய்ய எவை தடையாக உள்ளன? அவற்றுள் ஊரவர் நீக்கக்கூடியவை எவை?